தொகுப்பித்தவர் யார்?

சங்கத் தொகை நூல்களைப் பாடம் நடத்தும்போது நம் தமிழாசிரியர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். தொகுத்தவர் யார்? தொகுப்பித்தவர் யார்? ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று தெரியும், தொகுப்பித்தவர் பெயர் கிடைக்கவில்லை. நற்றிணையில் நேர்மாறு. பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி தொகுப்பித்தான் என்கிறார்கள். தொகுத்த புலவர் யாரென்று தெரியாது. இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவைதான் இவை. ஆனாலும் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நல்ல வாசகப் பழக்கம் இருக்கிறது. எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், யார் செலவில் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு நூலுக்குள் போகும் பழக்கம் அது.

அதே கேள்விகளை நம் வீட்டுத் தொலைக்காட்சியின் முகப்புத் திரையிடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். படங்களையும் தொடர்களையும் விமர்சிக்க நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு படம் வெளியான இரவே டல்லாஸிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் விமர்சனங்கள் வந்துவிடுகின்றன. அந்தப் படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் திரையை, ஒன்றன் கீழ் ஒன்றாக வரும் அந்தச் சதுரங்களின் வரிசையை, யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இங்குள்ள பல தமிழ் வீடுகளில் ஒவ்வொரு நாளும் தவறாமல் படிக்கப்படும் பக்கம் அது ஒன்றுதான்.

*

கால் நூற்றாண்டாக அந்தப் பக்கத்துக்காகத்தான் சண்டை நடந்துவருகிறது. சண்டைக்களம் பெரும்பாலும் விரிகுடாப் பகுதி. நெட்ஃபிளிக்ஸ் லாஸ் கேட்டோஸில், ரோக்கு சான் ஹோசேயில், ஆப்பிள் குபர்டினோவில், கூகுள் மவுண்டன் வியூவில், யூடியூப் சான் புரூனோவில். ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இவை எல்லாவற்றின் வாசலையும் பார்த்துவிடலாம். வடக்கே சியாட்டிலிலிருந்து அமேசான் மட்டும் தூரத்து எதிரி.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஆன்டனி வுட். 1997இல் இவர் ரீப்ளே டிவி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டு நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதிந்துவைத்து விரும்பிய நேரத்தில் பார்க்க உதவும் பெட்டி அது. 1999இல் டிவோவும் அதுவும் ஏறத்தாழ ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. நிறுவனம் பிறகு சோனிக்புளூ கைக்குப் போனது. புதிய பெட்டி விளம்பரங்களைத் தானாகவே தாண்டிச் செல்லும் என்றானதும் 2001இல் ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2003இல் சோனிக்புளூ திவால் மனு கொடுத்தது. வீடியோ டேப்பில் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது தவறில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சோனி வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் சொல்லியிருந்தது. ஆனால் விளம்பரத்தில் கை வைத்தவரை அந்தத் தீர்ப்பின் நிழல் காப்பாற்றும் முன்பே பணம் தீர்ந்துவிட்டது.

வுட் 2002இல் தொடங்கிய அடுத்த நிறுவனம்தான் ரோக்கு. ஜப்பானிய மொழியில் ஆறு என்று பொருள். அது அவருடைய ஆறாவது நிறுவனம். இடையில் நெட்ஃபிளிக்ஸுக்குள் ஒரு பெட்டியை வடிவமைத்தார். சொந்தப் பெட்டி விற்றால் மற்றப் பெட்டித் தயாரிப்பாளர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று நெட்ஃபிளிக்ஸ் தயங்கியதால் 2008இல் அது ரோக்குவின் பெயரில் 100 டாலருக்கு வெளிவந்தது. 2025 தொடக்கத்தில் 9 கோடிக் குடும்பங்கள் தங்கள் தளத்தில் இருப்பதாக ரோக்கு அறிவித்தது. இன்று அதன் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி தளத்திலிருந்து வருகிறது: விளம்பரம், சந்தாவில் கிடைக்கும் பங்கு. பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாகக்கூட விற்கிறார்கள். விளம்பரத்தைத் தாண்டும் பெட்டியைச் செய்தவர் விளம்பரத்தில் வாழும் பெட்டியைச் செய்து வென்றார். இதை அவருடைய கொள்கை மாற்றமாக நான் படிக்கவில்லை. வீட்டுக்குள் யாருடைய விருப்பத்துக்கு இயந்திரம் வேலை செய்யும் என்ற கேள்விக்கு நீதிமன்றமும் சந்தையும் சேர்ந்து கொடுத்த பதிலாகவே படிக்கிறேன்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 2007இல் ஆப்பிள் டிவி வந்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் அதைத் தங்கள் பொழுதுபோக்கு முயற்சி என்றார். 2013 ஜூலையில் கூகுள் 35 டாலர் குரோம்காஸ்ட்டை அறிமுகப்படுத்தியபோது மேடையில் நின்றவர் சுந்தர் பிச்சை. அடுத்த ஆண்டு அமேசானின் ஃபயர் டிவி வந்தது. 2015இல் அமேசான் தன் கடையில் குரோம்காஸ்ட்டையும் ஆப்பிள் டிவியையும் விற்பதை நிறுத்தியது. பதிலுக்கு 2018 தொடக்கத்தில் ஃபயர் டிவியிலிருந்து யூடியூப் செயலி போனது. 2019இல்தான் சமாதானம். 2020இல் எச்பிஓ மேக்ஸ் தொடங்கி ஏழு மாதம் ரோக்குவில் கிடைக்கவில்லை. 2021 ஏப்ரல் இறுதியில் யூடியூப் டிவி ரோக்குவின் கடையிலிருந்து நீங்கி டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது.

ஒவ்வொரு முறையும் இரண்டு தரப்பும் ‘எங்கள் வாடிக்கையாளர்களின் நலனுக்காக’ என்றுதான் அறிக்கை விட்டன. வாடிக்கையாளர் அந்தப் பேச்சுவார்த்தை அறையில் இருந்ததே இல்லை. பங்காளிச் சண்டையில் ஊர்ப் பொதுக்கிணற்றை மூடிவிட்டு, பிறகு ராசியாகித் திறந்தால், தண்ணீர் வந்ததே என்று நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டியதுதான்.

*

தொகுப்பித்தவர் யார் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்: விளம்பரதாரர். ஆனால் அவர் எதை வாங்குகிறார் என்பதற்கு நான் வசிக்கும் நியூ ஜெர்சியே ஒரு சாட்சி.

2017 பிப்ரவரியில் விஜியோ என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது மத்திய வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் சேர்ந்து தொடுத்த வழக்கு 22 லட்சம் டாலரில் முடிந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில், பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லாமல், திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி கண்டறிந்து சேகரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தத் தொழில்நுட்பம் எளிமையானது. திரையில் தெரியும் படத்திலிருந்து சில புள்ளிகளை எடுத்து, ஏற்கெனவே உள்ள படக்கிடங்கோடு ஒப்பிட்டு, இது இன்ன நிகழ்ச்சி என்று அடையாளம் காண்பது. நிகழ்ச்சி கேபிளில் வந்தாலும் டிவிடியில் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். அப்படிச் சேர்ந்த விவரத்தோடு வயது, பால், வருமானம், மணமானவரா என்பவற்றையும் இணைக்க வழி செய்து மூன்றாம் தரப்புக்கு விற்றார்கள் என்றது புகார். 2024இல் அதே விஜியோவை வால்மார்ட் 230 கோடி டாலருக்கு வாங்கியது. பலசரக்குக் கடைக்குத் தொலைக்காட்சி நிறுவனம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே பதில் இருந்தது. அதன் லாபம் பெட்டியிலிருந்து வரவில்லை, விளம்பரத்திலிருந்தும் தரவிலிருந்தும் வந்தது.

2025 டிசம்பரில் டெக்சாஸின் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து நிறுவனங்கள் மீது இதே வகைக் குற்றச்சாட்டோடு வழக்குத் தொடுத்தார். அரை நொடிக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கும் திறன் பெட்டிகளுக்கு இருக்கிறது என்கிறது அவர் தரப்பு. வழக்கு எப்படி முடியும் என்பது வேறு விஷயம். இலக்கியப் பத்திரிகையின் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. திரையரங்கில் நாம் பார்த்தோம், படம் தெரிந்தது. இப்போது பெட்டி நம்மைப் பார்க்கிறது, தான் கண்டதை வைத்து முகப்பை அடுக்குகிறது. தொகைநூலின் வாசகரே அந்நூலின் மூலப்பொருளாகவும் ஆகிவிடும் இந்த ஏற்பாட்டுக்கு நம் இலக்கணத்தில் பெயர் இல்லை.

*

அகநானூற்றின் அடுக்குமுறையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் வந்தால் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10இன் மடங்குகள் நெய்தல். இதில் யாருக்கும் ரகசியம் இல்லை. விதி தெரிந்துவிட்டால் எந்தப் பாடல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பத்தாம் வகுப்பு மாணவிகூடச் சொல்வாள். விதி பிடிக்கவில்லை என்றால் மறுத்து வேறு விதமாகத் தொகுக்கலாம்.

முகப்புத் திரைக்கும் விதி உண்டு. அது நமக்குச் சொல்லப்படுவதில்லை. முதல் வரிசையில் ஒரு படம் இருப்பது அது நல்ல படம் என்பதாலா, நான் நேற்றுப் பார்த்ததைப் போன்றது என்பதாலா, இடத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பதாலா? மூன்றுக்கும் சதுரம் ஒன்றுதான். தொலை இயக்கியில் நிறுவனப் பெயரோடு இருக்கும் பொத்தான்கள்கூட விலைக்கு விற்கப்படும் இடங்கள். கட்டை விரல் போகும் வழியெல்லாம் யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

இந்த அடுக்கில் தமிழ் எங்கே இருக்கிறது? என் வீட்டுப் பெட்டியில் மெனுவுக்கான மொழிகளில் ஸ்பானிஷ் உண்டு, பிரெஞ்சு உண்டு, தமிழ் இல்லை. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் என் அத்தைக்கு ஆங்கில எழுத்து தெரியாது. “தில்லானா மோகனாம்பாள் போடுப்பா” என்று ரிமோட்டிடம் மரியாதையாகத்தான் கேட்டார். அது ஏதோ உடற்பயிற்சி நிகழ்ச்சியை எடுத்து நீட்டியது. “இதுக்குக் காது கேக்கலையா, மூளை இல்லையா?” என்றார். இரண்டும் இருக்கின்றன அத்தை, உங்களுக்காக இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துக்கூட்டித் தேடுவது அதைவிடச் சிரமம். தமிழ்ப் படப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதப் பொதுவான முறை எதுவும் பழக்கத்தில் இல்லை. ழகரத்துக்கு இசட் எச் போடுவாரும் உண்டு, வெறும் எல் போடுவாரும் உண்டு. ஆயிரத்துக்கு ஒரு ஏ போட்டிருக்கிறார்களா, இரண்டா? அதாவது தேடுவதற்கு எனக்குப் படத்தின் பெயர் தெரிந்தால் போதாது. அதை ஏற்றிய முகம் தெரியாத ஊழியர் எப்படி எழுதியிருப்பார் என்று தெரிய வேண்டும். இருந்தும் கிடைக்காத படமும் இல்லாத படமும் பார்வையாளருக்கு ஒன்றுதான்.

பிறகு உரிமைப் பிரச்சினை. ஒரு தமிழ்ப் படத்தின் இந்திய உரிமை ஒரு பெரிய தளத்திடம் இருக்கும். அமெரிக்க உரிமை டென்ட்கொட்டாவிடமோ சிம்ப்ளி சவுத்திடமோ இருக்கும். சன் குழுமத்தின் படங்களுக்கு சன் நெக்ஸ்ட். 2017 செப்டம்பரில் ஹாட்ஸ்டார் அமெரிக்காவுக்கு வந்தபோது விஜய் தொலைக்காட்சி பார்க்கும் குடும்பங்கள் அதில் சேர்ந்தன. 2019இல் ஃபாக்ஸை வாங்கியதன் மூலம் டிஸ்னி அதன் உரிமையாளரானது. 2022 இறுதியில் அமெரிக்காவில் அந்தச் சேவை மூடப்பட்டு, ஹூலுவைப் பாருங்கள் என்றார்கள். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார்கள் டிஸ்னியின் உலகளாவிய உத்தியில் ஒரு வரியாகக்கூட இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த உத்தி அவர்களுடைய மாலை நேரத்தை மாற்றியது.

சிறியவர்களுக்கு வாசல் குறுகிவருகிறது என்பதற்கு இன்னொரு சான்று. ரோக்குவில் முன்பு தனிச் சேனல் என்று ஒரு வசதி இருந்தது. பொதுக் கடையில் வைக்காமலே ஒரு குறியீட்டைக் கொடுத்து நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு சேனலைத் தரலாம். ஒரு தமிழ்ப் பள்ளியோ ஒரு நாடகக் குழுவோ நினைத்தால் செய்திருக்கக்கூடியது அது. 2022 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். திருட்டுப் படங்களைத் தடுக்க அது உதவியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே, அனுமதி கேட்காமல் பேசக்கூடிய ஒரு மூலையும் போனது.

*

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இது விமர்சனமாகாது, ஒப்பாரியாகிவிடும்.

எடிசன் ஓக் ட்ரீ சாலையில் மளிகைக் கடையின் பின்சுவரில் வீடியோ கேசட்டுகள் அடுக்கியிருந்த காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்தக் கேசட்டுகளின் பிரதி பெரும்பாலும் மங்கல், பாதிப் படத்தில் துபாய் நகைக்கடை விளம்பரம் ஓடும், படத்தை எடுத்தவருக்கு ஒரு காசு போகாது. இன்று ‘ஜெய் பீம்’ 2021 நவம்பர் 2 அன்று பிளேனோவிலும் மதுரையிலும் ஒரே இரவில் பார்க்கப்பட்டது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் வசனவரிகளோடு பார்த்துவிட்டுப் பெற்றோரிடம் சாதியைப் பற்றிக் கேட்டார்கள். பல வீடுகளில் அந்தப் பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. இதைச் சாத்தியமாக்கியது அமேசான்தான். நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தளங்களுக்கு எதிராகத் திரையரங்கு உரிமையாளர்கள் எடுத்த நிலையையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2013இல் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே கொடுக்கப் போகிறேன் என்றபோது எதிர்த்தார்கள். 2020 மே மாதத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாகப் பிரைம் வீடியோவில் வந்தபோதும் எதிர்த்தார்கள். வாசலைத் தாங்களே காவல் காக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த எதிர்ப்பில் பெரிய கொள்கை எதுவும் எனக்குத் தெரியவில்லை. காவலாளி மாறினால் கலை செத்துவிடும் என்ற வாதம் ஒவ்வொரு காவலாளிக்கும் பிடித்தமானது.

ஆகவே என் குறை புதிய தொழில்நுட்பத்தின் மீது இல்லை. கேசட் கடைக்காரருக்கும் முகப்புத் திரைக்கும் உள்ள வேறுபாட்டின் மீதுதான். கடைக்காரரும் தனக்கு லாபமானதைத்தான் முன்வரிசையில் வைத்தார். ஆனால் அவரிடம் “ஏங்க, பாலசந்தர் படம் ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்க முடிந்தது. அவர் வெட்கப்பட்டோ சலித்துக்கொண்டோ ஒரு பதில் சொன்னார். சில சமயம் அடுத்த வாரம் கொண்டுவந்தும் வைத்தார். தொகுத்தவருக்கு ஒரு முகம் இருந்தது.

பழைய படங்களின் நிலைமையில்தான் இது உண்மையாகவே வலிக்கிறது. பெரிய தளங்கள் புதிய படத்துக்குப் போட்டி போடுகின்றன; 1950களின், 60களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு யாரும் போட்டி போடுவதில்லை. அவை யூடியூபில் கிடக்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சித் திரைகளில் மற்ற எந்தத் தளத்தையும்விட அதிக நேரம் ஓடுவது இன்று யூடியூப்தான். 2025 மே மாத நீல்சன் கணக்கின்படி மொத்தப் பார்வை நேரத்தில் 12.5 விழுக்காடு அதனுடையது. நம் சினிமாவின் ஆவணக் காப்பகம், நாம் யாரும் தீர்மானிக்காமலே, விளம்பரத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தின் கிடங்காகிவிட்டது. அங்கே படம் ஓரம் வெட்டப்பட்டு, சேனல் முத்திரை குத்தப்பட்டு, பாட்டு நடுவே விளம்பரத்தோடு இருக்கிறது. யார் ஏற்றினார், எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார், எவ்வளவு நறுக்கினார் என்பதற்குப் பெரும்பாலும் குறிப்பு இல்லை. ஏற்றியவர் ஒருநாள் எடுத்துவிட்டால் போயிற்று. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படத்தையே தொலைத்த சமூகத்துக்கு, யாரோ ஒருவர் தன் வசதிக்கு வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணும் உரிமை கிடையாது.

*

என்ன செய்யலாம்? கூகுளையும் ரோக்குவையும் இந்தக் காலாண்டிதழ் வாசகர்கள் திருத்திவிட முடியாது. பெட்டியின் அமைப்புப் பகுதிக்குள் போய்ப் பார்வைத் தரவு சேகரிப்பை அணைத்துவைப்பது எல்லோராலும் முடியும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்து ஒளித்திருக்கிறது, பொறுமையாகத் தேடுங்கள். பொது நூலக அட்டை இருந்தால் பல ஊர்களில் கனோப்பி விளம்பரமில்லாமல் கிடைக்கும். நூலகம் பணம் கொடுக்கும் அந்தத் தளத்தில் தமிழ்ப் படங்களை வாங்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கேட்கலாம். அங்கே கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

விமர்சகர்களுக்கான வேலை வேறு. ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது அது எங்கே, எந்தப் பிரதியாக, எவ்வளவு முழுமையாகக் கிடைக்கிறது என்பதையும் எழுத வேண்டும். பதிப்பைக் குறிப்பிடாமல் சங்கப் பாடலைப் பற்றி எழுதினால் நாம் ஏற்றுக்கொள்வோமா? உ.வே.சா. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் குறித்துவைத்த மரபு நம்முடையது. ‘நான்கு நிமிடம் வெட்டப்பட்ட பிரதி’, ‘வசனவரியில் இந்தச் சொல் தவறு’ என்ற குறிப்புகள் நம் சினிமா விமர்சனத்திலும் வரத் தொடங்கினால், முப்பது வருடம் கழித்துத் தேடுபவருக்கு அவை பயன்படும்.

அடுத்தது, பெயரோடு தொகுப்பது. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் விரிகுடாப் பகுதியிலும் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு இருபது படங்கள் கொண்ட ஒரு பட்டியலை ஒருவர் தயாரிக்கட்டும். எதற்காக இந்த இருபது, எந்த விதியில் அடுக்கினேன், எவற்றை ஏன் விட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதட்டும், கீழே கையெழுத்துப் போடட்டும். இன்னொருவர் அதை மறுத்து வேறொரு பட்டியல் போடட்டும். கூடலூர் கிழாரும் பூரிக்கோவும் செய்த அதே வேலைதான். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை இயக்கும் பார்வையாளர் முகப்புத் திரையை அநேகமாகப் படிக்கவே வேண்டியதில்லை. நேராகத் தேடலுக்குப் போய்விடலாம்.

பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ழகரத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பது உட்பட.